முட்டைமேல் விழும் வெளிச்சம்

முசிறி, பாலத்தடி. காவிரி கலங்கி ஓடுகிறது. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியவில்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். புதுத் தண்ணீர் வந்தால்தான் பல மீன்கள் சினை விடும். அதாவது ஆறு கலங்கி, முட்டைக்கு வெளிச்சம் குறைவாக எட்டும்போது.

ஜீப்ரா மீன். தொட்டிக் கடைகளில் வரிவரியாக ஓடுமே, அது. 1822-ல் ஹாமில்டன் தன் கங்கை மீன்கள் நூலில் எழுதி வைத்த நம் நாட்டு மீன். இன்று உலகம் முழுக்க ஆய்வகங்களில்.

விடிந்ததும் முட்டையிடும். முட்டைக்குள் எல்லாம் தெரியும். மூளை உருவாவதை நுண்ணோக்கியில் நேரே பார்க்கலாம். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும்.

அந்த இரண்டு மூன்று நாள்.

2009. புதாயேவ், ஆண்ட்ரூ என்ற ஆய்வாளர்கள். ஜீப்ரா மீன் கருக்களில் சிலவற்றை வெளிச்சத்தில் வைத்தார்கள், சிலவற்றை இருட்டில். மிரட்டும் பொருளைக் குஞ்சு எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதே மாறிவிட்டது.

மீனின் இடக்கண் பார்ப்பது வலப்பக்க மூளைக்குப் போகிறது. வலக்கண் பார்ப்பது இடப்பக்கத்துக்கு. கண் மாறினால் மூளையில் வேலை பார்க்கும் பக்கமும் மாறுகிறது.

வெளிச்சத்தைக் கரு எதனால் அறியும்? தலை உச்சியில் பினியல். கண் தயாராகும் முன்பே வெளிச்சம் அறிகிற உறுப்பு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு துளி, பாராபினியல். ஏறக்குறைய எல்லா ஜீப்ராவுக்கும் இடது பக்கம்தான்.

இடம் வலம் என்ற இந்தச் சாய்வு மீனுக்கு மட்டுமல்ல.

கோழிக்குஞ்சு. ஓட்டுக்குள் தலை ஒருக்களித்துக் கிடக்கும். இடக்கண் உடம்போடு அமுங்கி, வலக்கண் ஓட்டைப் பார்த்து. அடைக்கோழி இரைக்கு எழுந்து போகிற கொஞ்ச நேரம்தான் வெளிச்சம்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் லெஸ்லி ரோஜர்ஸ் பார்த்தது. வெளிச்சம் பட்ட குஞ்சு கூழாங்கல்லுக்கு நடுவே தானியம் பொறுக்கிக்கொண்டே மேலே போகும் பருந்து உருவத்தையும் கவனித்தது. இருட்டில் பொரிந்தது இரண்டையும் சேர்த்துச் செய்யத் திணறியது.

அடைக்கூடையை ஆயா எங்கே வைப்பார்? மூலையில். இருட்டில்.

இத்தாலி, பதோவா, 2012. இன்னொரு மீன் ஆய்வு. இந்த மீன் முட்டையிடாது, குட்டி போடும். சினைத் தாய்களில் சிலவற்றை நல்ல வெளிச்சத்திலும் சிலவற்றை மங்கலிலும் வைத்தார்கள். வெளிச்சத்துத் தாயின் குட்டிகளுக்கு இடம் வலம் என்ற சாய்வு இருந்தது. மங்கலில் இருந்த தாயின் குட்டிகளுக்கு இல்லை.

தாயின் வயிற்றைத் தாண்டி வெளிச்சம். இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கொசுவுக்காகக் கிணற்றில் விடுகிற கம்பூசியாவும் கப்பியும் அந்தப் பதோவா மீனின் குடும்பம்தான். குட்டி போடுபவை. கிணற்றில் உச்சி வெயில் எவ்வளவு நேரம் தண்ணீரைத் தொடும்?

முட்டையிடும் இன்னொரு நம்மூர் மீன், பனையேறிக் கெண்டை. 1791-ல் தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக டால்டார்ஃப் என்பவர் எழுதினார். ஏறியதா இல்லையா என்றே எல்லோரும் பேசுகிறார்கள். அதன் முட்டை மிதக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. கலங்கல் தண்ணீரிலும் அது மேலே, வெயிலில்.

பாலத்து விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. கீழே தண்ணீரில் வட்டம் வட்டமாக வெளிச்சம்.

மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர்ச் சூட்டைக் குறிக்கும் அதே நோட்டில் முட்டைத் தொட்டியின் வெளிச்சத்தையும் ஒரு வரி எழுதுங்கள். கூரை இருந்ததா, திறந்த வெயிலா, ராத்திரி பல்பு எரிந்ததா.