கிழிந்துபோகவே பிறந்த காகிதங்கள்! மும்பை சோர் பஜாரில் ஒரு போஸ்டர் வேட்டை

ஒரு சினிமா போஸ்டரின் ஆயுள் எவ்வளவு? வெள்ளிக்கிழமை படம் ரிலீஸ் என்றால், வியாழன் இரவே பசை வாளியோடு ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். படம் ஓடினால் சில வாரங்கள் சுவரில் இருக்கும். ஓடாவிட்டால் அடுத்த வியாழன் இரவே அதன் முகத்தின் மேல் இன்னொரு படம் ஏறிவிடும். மிச்சம் மீதியை மழையும் வெயிலும் மாடும் பார்த்துக்கொள்ளும்.

அப்படி ஒரு வாரத்துக்காக அச்சடித்த காகிதம், 60 வருடம் கழித்தும் நாலாக மடித்தபடி பத்திரமாகக் கிடைக்கிறது. அதைத் தேடி வெளிநாட்டிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். அந்த அதிசயத்தைப் பார்க்க மும்பையின் சோர் பஜாருக்குப் போக வேண்டும். குறிப்பாக, அதன் நடுநாயகமான மட்டன் ஸ்ட்ரீட்டுக்கு.

டாக்ஸி பிடித்து நேராகக் கடை வாசலில் இறங்கலாம். ஆனால், கிராண்ட் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கி நடப்பதுதான் சுவாரஸ்யம். ஒரு போஸ்டர் பிறந்து, வளர்ந்து, குப்பைக்குப் போய், மறுபிறவி எடுக்கும் கதை முழுவதும் இந்த நடைதூரத்துக்குள்ளேயே இருக்கிறது.

ரயில் தூங்கிய பிறகு எடுத்த படம்

கிராண்ட் ரோடு நிலையத்துக்குப் பக்கத்தில் தண்டவாளங்களைக் கடக்கிறது கென்னடி பாலம். இந்தப் பகுதியில்தான் ஜோதி ஸ்டூடியோ இருந்தது. இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வை அர்தேஷிர் இரானி இங்கேதான் எடுத்தார். பக்கத்திலேயே ரயில் ஓடுவதால் பகலில் ஒலிப்பதிவு செய்ய வழியில்லை. அதனால் ரயில் போக்குவரத்து அடங்கிய பிறகு, நள்ளிரவு தாண்டி விடியும் முன்பாகப் பெரும்பாலான காட்சிகளை எடுத்து முடித்தார்கள். 1931 மார்ச் 14-ம் தேதி, கிர்காவ் மெஜஸ்டிக் தியேட்டரில் படம் வெளியானது. இன்று அந்தத் தியேட்டர் இல்லை.

நமக்கும் இந்த இடத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ உருவானதும் இதே மும்பையில்தான். தயாரித்தவர் அதே இரானி. ‘ஆலம் ஆரா’வுக்குப் போட்ட செட்டுகளையே பயன்படுத்தி ஹெச்.எம்.ரெட்டி இயக்கினார். டி.பி.ராஜலட்சுமி கதாநாயகி. 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது.

இந்த இரண்டு படங்களையும் இன்று பார்க்க முடியாது. இரண்டுக்குமே ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. மௌனப் படங்களின் கதை இன்னும் சோகம். இந்தியாவில் எடுக்கப்பட்டவை சுமார் 1,300. முழுதாகவோ துண்டாகவோ மிஞ்சியவை முப்பது தேறினாலே அதிகம். மற்றவையெல்லாம் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள நமக்கு இருப்பவை விளம்பரங்கள், புகைப்படங்கள், பாட்டுப் புத்தகங்கள், போஸ்டர்கள் மட்டுமே.

படம் போய்விட்டது, படத்துக்கு ஆள் சேர்க்க அடித்த காகிதம் நின்றுவிட்டது. போஸ்டரை வெறும் சுவர் அலங்காரமாக நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம்.

எடைக்குப் போன பொக்கிஷம்

நிலையத்தின் கிழக்குப் பக்கம் வந்தால் லாமிங்டன் ரோடு. இன்று கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குப் பேர்போன தெரு. ஒருகாலத்தில் இந்தி சினிமாவின் கஜானா சாவி இருந்தது இங்கேதான். நாஸ் தியேட்டரை ஒட்டிய ‘நாஸ் பில்டிங்’ முழுக்க விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள். படத்தின் தலையெழுத்து எழுதப்படுவது அங்கே என்பார்கள்.

பிலிம் பெட்டியோடு போஸ்டர் கட்டுகளும் இந்த அலுவலகங்கள் வழியாகத்தான் ஊர் ஊராகப் போயின. 30-க்கு 40 அங்குலம் என்பது வழக்கமான அளவு. பெரிய சுவர்களுக்கு ஆறு தாள்களைச் சேர்த்து ஒட்டும் ‘சிக்ஸ் ஷீட்’. தியேட்டர் உள்ளே கண்ணாடிப் பெட்டியில் வைக்க ஸ்டில்கள். வாசலில் விற்க, நம்மூரைப் போலவே பாட்டுப் புத்தகம்.

ஒட்டியது போக மிஞ்சியவை கோடவுனில் தூங்கின. கம்பெனி மூடப்படும்போது, வீடு கைமாறும்போது, வாரிசுகளுக்கு இடம் தேவைப்படும்போது அந்தக் கட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போயின. அவரிடமிருந்து சோர் பஜாருக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரெல்லாம் ஒட்டித் தீர்த்த ஹிட் படத்தின் போஸ்டர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கும். சீந்துவாரில்லாமல் பெட்டிக்குத் திரும்பிய படத்தின் போஸ்டர் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். சுவர் ஏறாமல் தப்பித்ததுதான் பிழைத்தது!

தூரிகை பிடித்த கைகள்

இன்னும் கிழக்கே நடந்தால் பால்க்லேண்ட் ரோடு. இந்த வட்டாரத்துக்குப் ‘பிலா ஹவுஸ்’ என்று பெயர். ‘பிளே ஹவுஸ்’ என்ற ஆங்கிலச் சொல் மும்பைக்காரர்களின் நாக்கில் புரண்டு இப்படி ஆகிவிட்டது. நாடகக் கொட்டகைகளாக இருந்தவை பிறகு சினிமா தியேட்டர்களாக மாறின. அதில் ஒன்றான ஆல்ஃபிரட், டிஜிட்டல் பேனர்கள் வந்த பின்னும் கையால் வரைந்த பேனர்களை விடாமல் மாட்டி வந்ததற்குப் பெயர்பெற்றது.

தூரிகைக்கும் சினிமாவுக்குமான உறவு பழையது. கோலாப்பூரைச் சேர்ந்த பாபுராவ் பெயின்டரின் ‘கல்யாண் கஜினா’ (1924) படத்தின் போஸ்டரே, இன்று மிஞ்சியிருக்கும் இந்திய சினிமா போஸ்டர்களில் ஆகப் பழையது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உலகப் புகழ்பெற்ற ஓவியர் எம்.எஃப்.ஹுசைன், 1930-களில் இதே மும்பையில் சினிமா பேனர் வரைந்துதான் வயிற்றைக் கழுவினார். 1970-களில் திவாகர் கர்கரேயின் காலம் வந்தது. அமிதாப் பச்சனின் ‘தீவார்’ (1975) போஸ்டரில் தெரியும் கோபத்தைத் தீட்டியது அவர் கை.

அந்தக் கால இந்திப் பட போஸ்டர்களில் இன்னொன்றையும் கவனிக்கலாம். படத்தின் பெயர் ஆங்கிலம், தேவநாகரி, உருது என்று மூன்று எழுத்துகளில் இருக்கும். காலம் போகப் போக உருது எழுத்து சிறுத்துக்கொண்டே போவது தெரியும். யார் யாரை நம்பிப் படம் எடுத்தார்கள் என்பதை ஒரு காகிதம் இப்படிச் சொல்லிவிடுகிறது.

சோர் அல்ல, ஷோர்!

அடுத்து வருகிறது சோர் பஜார். ‘சோர்’ என்றால் திருடன். இரைச்சல் என்று பொருள்படும் ‘ஷோர்’தான் வெள்ளைக்காரர்களின் வாயில் ‘சோர்’ ஆகிவிட்டது என்பது கடைக்காரர்கள் விரும்பிச் சொல்லும் கதை. விக்டோரியா மகாராணியின் வயலின் கப்பலில் காணாமல் போய் இந்தச் சந்தையில் கிடைத்தது என்று இன்னொரு கதையும் உலவுகிறது. இரண்டையும் கதையாகவே ரசித்துக்கொள்வது நல்லது.

மட்டன் ஸ்ட்ரீட்டில் கப்பல் விளக்கு, கிராமபோன், சுவர்க் கடிகாரம், பித்தளைச் சாமான், பழைய கார் பாகம் என்று கண் நிறையச் சாமான்கள். நடுநடுவே போஸ்டர் கடைகள். வாசலில் தொங்குவதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. நல்ல சரக்கு உள்ளே, மடித்து அடுக்கிய கட்டுக்குள் இருக்கும்.

“ஒரிஜினலா பாய்?” என்று கேட்டால், எல்லாக் கடையிலும் “ஒரிஜினல்தான்” என்ற பதில்தான் வரும். உண்மையில் இங்கே மூன்று வகை இருக்கிறது. முதல் வகை, படம் முதன்முதலில் வெளியானபோது அச்சடித்தது. சேகரிப்பாளர்கள் தேடுவது இதைத்தான். இரண்டாவது, படம் மறுபடி திரைக்கு வந்தபோது புதிதாக அச்சடித்தது. இதுவும் பழசுதான், ஆனால் மதிப்பு குறைவு. மூன்றாவது, போன மாதம் கம்ப்யூட்டரில் எடுத்த பிரின்ட். அழகுக்கு மாட்ட இது போதும். ஆனால், முதல் வகையின் விலையில் இதை வாங்கிவிடக் கூடாது.

உதாரணத்துக்கு, ‘முகல்-ஏ-ஆஸம்’ 1960-ல் வந்தது. முழுக்க வண்ணம் சேர்த்து 2004-ல் மறுபடி வெளியிட்டார்கள். அந்த வண்ணப் பதிப்பைச் சொல்லி விளம்பரம் செய்யும் போஸ்டர் 2004-ஐச் சேர்ந்தது. எத்தனை மங்கலாக இருந்தாலும் அதற்கு 1960-ன் விலை கிடையாது.

ஒரிஜினலைக் கண்டுபிடிக்க...

* ஒரு பூதக்கண்ணாடி அவசியம். ஆஃப்செட்டில் அடித்ததில் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் தெரியும். கையால் கல்லில் தீட்டி எடுத்த பழைய லித்தோவில் கிரேயான் தேய்த்தது போன்ற சொரசொரப்பு இருக்கும். கம்ப்யூட்டர் பிரின்டில் மை தூவினாற்போல ஒழுங்கில்லாத நுண்புள்ளிகள் இருக்கும்.

* அடிப்பகுதியில் அச்சகத்தின் பெயரைத் தேட வேண்டும். நம்மூர் போஸ்டர்களில் சிவகாசி, சென்னை அச்சகங்களின் பெயர் பொடி எழுத்தில் இருக்குமே, அதுபோல. மறுபிரின்டில் இந்த வரி வெட்டுப்பட்டோ, படிக்க முடியாமல் கலங்கியோ இருக்கும்.

* அந்தக் கால போஸ்டர்கள் மடித்துத்தான் கட்டாக அனுப்பப்பட்டன. 1950-களின் போஸ்டர் மடிப்பே இல்லாமல் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படலாம்.

* பழுப்பு நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. டீ டிகாஷனில் நனைத்துக்கூடக் காகிதத்தைக் கிழடாக்கலாம். உண்மையான முதுமை ஓரத்திலும் மடிப்பிலும் அதிகமாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கும். சாயம் போட்டது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியும்.

விலை சொல்லும் கதை

உலகச் சந்தையில் சினிமா போஸ்டர் சாதாரண விஷயமில்லை. 1927-ன் ஜெர்மன் மௌனப் படமான ‘மெட்ரோபொலிஸ்’ போஸ்டர் ஒன்று, 2005-ல் 6,90,000 டாலருக்கு விலைபோனது. 1931-ன் ‘டிராகுலா’ போஸ்டர் 2017-ல் 5,25,800 டாலரைத் தொட்டது. நம் போஸ்டர்கள் அந்த உயரத்துக்குப் போகவில்லை. ஆனால், லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம் 2002-ல் இந்தி சினிமாவின் போஸ்டர்கள், பேனர்களை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தியது.

மதிப்பு கூடக் கூட, நல்ல போஸ்டர்கள் ஒவ்வொன்றாகப் பெரிய வீட்டு வரவேற்பறைகளுக்கும் ஹோட்டல் சுவர்களுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. போன பிறகு அவற்றை யாரும் பார்க்க முடிவதில்லை. இதில் சோர் பஜாரைக் குறை சொல்லவும் முடியாது. எடைக்கு வந்த கட்டைப் பிரித்து, “இது கூழுக்குப் போக வேண்டிய காகிதம் இல்லை” என்று தனியே எடுத்து வைத்த கைகள் இந்த வியாபாரிகளுடையவை. அந்தக் கட்டுகளைக் காப்பாற்றியதும், திசைக்கு ஒன்றாகப் பிரித்து அனுப்பியதும் ஒரே சந்தைதான்.

அந்தச் சந்தையைச் சுற்றியும் இப்போது மாற்றம். பக்கத்துப் பெண்டி பஜாரில் 16.5 ஏக்கரில், சுமார் 250 பழைய கட்டடங்களை இடித்துவிட்டுக் கோபுரங்களாகக் கட்டும் பெரிய திட்டம் நடக்கிறது. பழமை போகிறதே என்று வருத்தப்படுவது சுலபம். 2017 ஆகஸ்டில் இதே பெண்டி பஜாரில் ஒரு பழைய கட்டடம் இடிந்து 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்குப் பத்திரமான வீடு வேண்டும்தானே? ஆனாலும், காகிதத்தைத் தொட்டவுடன் வருடம் சொல்லும் அனுபவத்தைப் புதுக் கட்டடத்தின் எந்த மாடியிலும் கட்டிவிட முடியாது. அது அடுத்த தலைமுறைக்குக் கைமாறினால்தான் உண்டு.

வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள், மும்பை பெட்டர் ரோட்டில் 2019-ல் திறக்கப்பட்ட இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். 1964-ல் தொடங்கிய புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், பிலிம்களோடு போஸ்டர்களையும் பாட்டுப் புத்தகங்களையும் சேர்த்துப் பாதுகாக்கிறது.

போகிறவர்கள் கவனத்துக்கு

மட்டன் ஸ்ட்ரீட் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று காலை தெருவில் பரப்பி விற்கும் பழைய சாமான் சந்தை நடக்கும். போஸ்டருக்காகப் போகிறவர்கள் மற்ற நாள்களில் போவதே நல்லது. பேரம் பேசுவது இங்கே மரியாதைக்குறைவு இல்லை. சுருட்டி எடுத்துவர ஒரு கெட்டி அட்டைக் குழாய் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் லேமினேஷன் செய்துவிடாதீர்கள். அப்புறம் அதைப் பிரிக்கவே முடியாது. கிழிசலில் செலோடேப் ஒட்டினால் சில வருடங்களில் மஞ்சள் கறை மட்டும் மிஞ்சும். வெயில் படும் சுவர் வேண்டாம். ராமபாணப் பூச்சி, ஈரம் இரண்டிலிருந்தும் தள்ளி வைத்தால் போதும்.

மும்பை வரை போக முடியாதவர்கள் வீட்டுப் பரணில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். தாத்தா தியேட்டர் வாசலில் வாங்கிய பாட்டுப் புத்தகம் ஒன்று பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்குவதற்கு முன்னால் அதைப் பிரித்துப் பாருங்கள். அந்தப் படத்தில் மிஞ்சியிருப்பது அது ஒன்றாகவே இருக்கலாம்.