இருவர் சேர்ந்து தொகுக்கும் குறும்படம்

மாணவர் குறும்படத்தைத் தொகுக்க இருவர் உட்கார்ந்தால், முதல் வேலை வெட்டுவதல்ல. ஒலியையும் படத்தையும் ஒத்திசைப்பது. கிளாப் பலகை மூடும் பிரேமில் அந்த ‘டக்’ ஒலி விழ வேண்டும். கிளாப் அடிக்காத ஷாட்டுகளில் உதட்டசைவே கதி. அடுத்து ரஃப் கட், அதாவது ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் முதல் தொகுப்பு. சண்டை தொடங்குவதும் இங்கேதான். படப்பிடிப்பில் வெயிலில் நின்றவருக்கு எல்லா ஷாட்டும் செல்லம். நிற்காதவருக்குத் திரையில் தெரிவது மட்டுமே கணக்கு. பெரும்பாலும் படத்தைக் காப்பாற்றுவது பின்னவர்தான். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில், கதவு சாத்தும் ஷாட்டில் 6 பிரேமைக் குறைக்கவே நீண்ட வாக்குவாதம் நடக்கும். இருவர் தொகுப்பது மாணவர் படங்களுக்கு மட்டும் உரியதல்ல; ‘நாயகன்’ (1987) கூட பி. லெனின், வி.டி. விஜயன் இருவரும் சேர்ந்து தொகுத்த படம். வெட்டு முடிவானபின் ப்ராஜெக்ட் ஃபைல் ஒருவர் கையில் இருப்பது நல்லது. ஒலிக்கலவையும் நிறத்திருத்தமும் அதற்குப் பிறகே.