கிராஞ்சியில் முடியாத வாதம்

ஒரு தரமான குதிரை 1200 மீட்டரை ஓடி முடிக்க ஒரு நிமிடமும் ஏழெட்டு விநாடியும் போதும். அந்த ஓட்டத்தைப் பேசி முடிக்க எங்களுக்குச் சில சமயம் ஒரு வருடம் ஆகும். சிங்கப்பூரின் கிராஞ்சிப் பந்தயத் திடல் மூடப்பட்ட பிறகு, குதிரைகளைவிட அந்தப் பேச்சைத்தான் நான் அதிகம் தேடுகிறேன்.

பேச்சென்றால் பெரும்பாலும் ஒரே குதிரையைப் பற்றித்தான். ராக்கெட் மேன். ஆஸ்திரேலியாவில் பிறந்தது, தென்னாப்பிரிக்கப் பயிற்சியாளர் பாட்ரிக் ஷாவின் லாயத்தில் வளர்ந்தது. ஆனாலும் அது சிங்கப்பூர்க் குதிரை. அதில் மட்டும் எங்களுக்குள் இரண்டு கருத்து இருந்ததில்லை. உள்ளூரில் அதை ஜெயிக்க ஆளில்லை என்று இருந்த நேரத்தில், 2009 மே மாதம் கிரிஸ்ஃப்ளையர் இன்டர்நேஷனல் ஸ்பிரிண்ட் ஓட ஹாங்காங்கிலிருந்து சேக்ரட் கிங்டம் வந்தது. எங்கள் குதிரை இரண்டாவதாக வந்தது. மறு வருடம் அதே பந்தயம், மீண்டும் ஹாங்காங்கிலிருந்து ஒன்று, கிரீன் பேர்டி. எங்கள் குதிரை மீண்டும் இரண்டாவது. நடுவில் 2010 மார்ச்சில் துபாய்க்குப் போய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தில் அமெரிக்காவின் கின்சேல் கிங்கிடமும் தோற்று இரண்டாவதாகத் திரும்பியிருந்தது.

இந்தத் தோல்விகளைப் பேச எங்களுக்கு இருந்தது தேக்காவில் ஒரு கோப்பிக் கடை மேசை. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மாமா, டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர், எங்களோடு மலாய் பேசும் சீனப் பெரியவர் ஒருவர், இவர்களில் இளையவனாக நான்.

"பெரிய குதிரையைப் பார்த்தா நம்மாளுக்கு நடுக்கம் வந்துருது மாமா. அதான் ரெண்டாவது."

"நடுங்குற குதிரை ரெண்டாவது வருமாடா? ரெண்டாவது வர்றதுக்கும் ஜெயிக்கிற வேகம் வேணும். அன்னிக்கு ஜாக்கி கொஞ்சம் சீக்கிரம் விரட்டிட்டான், அவ்வளவுதான்."

சீனப் பெரியவர் இரண்டு பேச்சையும் ஏற்க மாட்டார். அவருக்கு எல்லாம் கேட் நம்பர். எந்தக் கேட்டிலிருந்து கிளம்பியது, வளைவுக்குள் நுழையும்போது உள்பக்கம் எத்தனை குதிரைகள் இருந்தன என்று ரேஸ் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் படம் போட்டுக் காட்டுவார். அந்தப் படத்தின் மேல் கோப்பி சிந்தும் வரை விவாதம் ஓடும்.

குறுகிய தூரப் பந்தயத்தின் குணம் அது. 2000 மீட்டர் ஓட்டத்தில் தொடக்கத்தில் கொஞ்சம் தடுமாறினாலும் சரிசெய்துகொள்ள வழி உண்டு. அதனால் அங்கே தோற்ற குதிரைக்குச் சாக்கு எடுபடாது. 1200 மீட்டரில் கேட் திறக்கும்போது அரை விநாடி தாமதித்தால் அந்த அரை விநாடி திரும்பக் கிடைக்காது. முடிவுக் கோட்டில் கேமரா மூக்கு நுனியைத்தான் பார்க்கிறது. ஆகவே எந்தச் சாக்கும் உண்மையாக இருக்கக்கூடும். பேசிக்கொண்டே இருக்கலாம். அடுத்த வருடம் அதே குதிரைகள், அதே தூரம், அதே புல்லில் ஓடுமென்ற தைரியம்தான் எங்களைப் பேச வைத்தது.

அந்தத் தைரியத்துக்குப் பலன் 2011-இல் கிடைத்தது. மார்ச் மாதம் துபாயில் ராக்கெட் மேன் கோல்டன் ஷாஹீனை ஜெயித்தது. சிங்கப்பூரில் அப்போது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது; ஆனாலும் டாக்சி அண்ணன் போன் செய்து கத்தினார். மறுநாளே மேசையில் எதிர்க்கட்சி எழுந்துவிட்டது. துபாயின் மேடான் திடலில் அப்போது இருந்தது செயற்கைத் தளம், புல்லில் ஜெயிக்கட்டும் பார்க்கலாம் என்றார் மாமா. மே மாதம் கிராஞ்சியின் புல்லில், ஃபெலிக்ஸ் கோட்ஸி ஓட்ட, கிரிஸ்ஃப்ளையரையும் அது ஜெயித்தது. அன்றைக்குப் பார்வையாளர் மாடம் எழுப்பிய சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அதோடு வழக்கு தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! சேக்ரட் கிங்டமும் கிரீன் பேர்டியும் தங்கள் உச்ச வேகத்தில் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தார் சீனப் பெரியவர்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 2013-லும் 2014-லும் லக்கி நைன், 2015-இல் ஏரோவெலாசிட்டி. கோப்பை மூன்று முறையும் ஹாங்காங்குக்கே போனது. 2015-க்குப் பிறகு அந்தப் பந்தயமே நடக்கவில்லை. சூதாட வேண்டியவர்களுக்கு 2010-லேயே இரண்டு சூதாட்டக் கூடங்கள் திறந்தாயிற்று. ஓட்டத்தைப் பார்க்க நினைத்தவர்களுக்குக் கைப்பேசி போதுமானதாக இருந்தது. கிராஞ்சியில் கூட்டம் மெலிந்தது. வெள்ளிக்கிழமை இரவுகளில் விளக்கு வெளிச்சத்தில் குதிரைகள் ஓடும், மாடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். 2023 ஜூனில் மூடப்போவதாக அறிவித்தார்கள். 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம். 1842-இல் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்று தொடங்கி, ஃபேரர் பார்க்கில் ஓடி, 1933-இல் புக்கிட் தீமாவுக்கு மாறி, 1999-இல் கிராஞ்சிக்கு வந்த குதிரைப் பந்தய மன்றம் அது. 124 ஹெக்டேர் நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசிடம் திரும்பிப் போகிறது. வீடுகள் வரும். வேண்டாமென்று சொல்ல எனக்கு வாயில்லை. என் பிள்ளைகளுக்கும் வீடு வேண்டும்.

குதிரையால் சம்பளத்தைத் தொலைத்து, வீட்டில் பதில் சொல்ல முடியாமல் நின்றவர்களையும் அதே மாடத்தில் பார்த்திருக்கிறேன். பணம் கட்டும் ஜன்னலை நான் தேடவில்லை. அது இல்லாமல் போனதில் சில குடும்பங்களுக்கு நிம்மதி கூட இருக்கலாம். ஆனால் ஒரு தமிழரும் ஒரு சீனரும், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதே கிடையாது, ஒரு குதிரையின் மூக்கு நுனிக்காக மலாயில் சண்டை போட்டுக்கொண்ட இடம் வேறு எது இருக்கிறது? உணவகங்கள் நிறைந்த நம் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பக்கத்தில் குதிரை ஓடி தொண்ணூறு வருடம் ஆயிற்று. அங்கே சாப்பிட வருகிறவர்களில் பெயர்க் காரணத்தை யோசிக்கிறவர்களே குறைவு. கிராஞ்சிக்கு அந்த அளவு கூட மிஞ்சுமா தெரியவில்லை. ராக்கெட் மேனுக்கு வாரிசும் கிடையாது, காயடிக்கப்பட்ட குதிரை அது.

வெளியூருக்குப் போய்ப் பார்க்கலாமே என்பார்கள். மக்காவில் 2024-லேயே நிறுத்திவிட்டார்கள். பினாங்கு 2025-இல் நின்றது. கோலாலம்பூரும் ஈப்போவும் இருக்கின்றன. ஆனால் அங்கே ஓடுகிற குதிரைக்காக என்னோடு சண்டை போட ஆள் வேண்டுமே. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். சீனப் பெரியவர் மகள் வீட்டோடு போய்விட்டார்.

இனி ஓடிப் பார்த்துத் தீர்க்க வழியில்லாததால் என் தீர்ப்பை இங்கேயே எழுதி வைக்கிறேன். 2010-இல் ஜாக்கி மேல் குற்றமில்லை, கேட் நம்பர் மேலும் இல்லை. அன்றைக்கு கிரீன் பேர்டி கொஞ்சம் வேகமான குதிரை, அவ்வளவுதான். 2011-இல் உலகத்தில் ராக்கெட் மேனைவிட வேகமான குதிரை இல்லை. மறுக்கிறவர்கள் தேக்காவுக்கு வரட்டும், கோப்பிக்கு நான் பணம் கொடுக்கிறேன்.