வழி கேட்டுப் போகிற ஊர்கள்
(வசிஷ்ட நதிக்கரையில் – 3)

பேளூர் தான்தோன்றீஸ்வரரையும் ஏத்தாப்பூர் சாம்பமூர்த்தீஸ்வரரையும் முந்தைய இரண்டு பகுதிகளில் பார்த்தோம். பஞ்சபூதங்களில் அவை நிலத்துக்கும் நீருக்கும் உரிய தலங்கள். மூன்றாவது நெருப்புத் தலம்: ஆத்தூர்க் கோட்டையில் இருக்கும் காயநிர்மலேஸ்வரர் கோயில். அதற்குப் பிறகு ஆறகளூரில் காற்று, கூகையூரில் ஆகாயம். ஒரே ஆற்றை ஒட்டி இப்படி ஐந்து தலங்கள் இருப்பது தெரிந்திருந்தும் இத்தனை காலம் கிளம்பாதவனுக்கு இப்போது எப்படி யோசனை வந்தது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஒரு கணினி விளையாட்டிலிருந்து வந்தது. அதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

‘மோரோவிண்ட்’ என்பது அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2002இல் வெளியிட்ட ரோல் ப்ளேயிங் கேம். சமீபத்தில் அதை மறுபடி எடுத்து ஆடினேன். விடுதலையான கைதியாக ஒரு தீவின் கடலோரக் கிராமத்தில் வந்து இறங்குகிறோம். கையில் ஒரு பொட்டலம். அதைப் பால்மோரா என்ற ஊரில் கையஸ் கொசேடஸ் என்பவரிடம் சேர்க்க வேண்டும். அவர் வீடு எங்கே? அந்த ஊர் மதுக்கடையில் விசாரித்தால் சொல்வார்கள் என்பதோடு தகவல் முடிந்துவிடுகிறது. திரையில் அம்புக்குறி எதுவும் வராது. எந்தப் பாலத்தைத் தாண்ட வேண்டும், எந்தப் பாறையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வாயால் சொல்வார்கள். நாம் கேட்டு, குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, நடக்க வேண்டும்.

அந்தத் தீவில் ஒரு கோயில் சபை உண்டு. அதில் சேர்பவர்களுக்குத் தரப்படும் ஆரம்ப வேலை ஏழு தலங்களுக்கு யாத்திரை போவது. அதில் ஒன்று ஏரிக்கரை ஓரத்து வயல். உழைக்க இருந்த ஒரே விலங்கும் செத்துப்போய் அறுவடை செய்ய வழியில்லாமல் நின்ற ஏழை விவசாயிக்காக, தெய்வமே தன் பட்டாடையைக் களைந்துவிட்டு வயலில் இறங்கிப் பாடுபட்ட இடம் அது. பிட்டுக்கு மண் சுமந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அங்குள்ள வழிபாட்டுக் கல்லின் முன்னால் நிற்பது அந்நியமாகவே படாது. எங்கோ ஒரு தேசத்தில் கற்பனையாக எழுதப்பட்ட யாத்திரைக்காக ராத்திரி முழுவதும் நடந்தேன். நம் ஊரில் நிஜமாகவே ஒரு பாதை இருக்கிறதே என்று அப்போதுதான் மனசு அடித்துக்கொண்டது.

பெத்தநாயக்கன்பாளையத்தில் ஆத்தூர் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு தம்பி செல்போனில் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ ஆடிக்கொண்டு வந்தார். இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட அந்த விளையாட்டை நம் பையன்கள் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். மோட் என்றால் விளையாட்டில் நாமே சேர்க்கிற மாற்றம்; இதில் அது நம் ஊர் பஸ்ஸின் உருவம். ஸ்கின் என்றால் அதற்கு அடிக்கும் பெயின்ட். தம்பி ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தான் செய்துகொண்டிருந்த ஸ்கின்னைக் காட்டினார். பஸ்ஸின் பக்கவாட்டு, முகப்பு, பின்புறம் எல்லாம் வெட்டி விரித்த காகிதப் பெட்டிபோல ஒரே படத்தில் கிடந்தன. முன் கண்ணாடிக்கு மேலே ‘சேலம் – ஆத்தூர், வழி: வாழப்பாடி’ என்ற போர்டு. அதில் ‘ழி’யின் சுழி நிஜ பஸ்ஸில் பெயின்டர் போடுகிற மாதிரி வளைந்து வரவில்லை என்று அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தார். “இது சரியா வரலைன்னா நம்ம வண்டி மாதிரியே இருக்காதுங்க சார்” என்றார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. ஊரை உற்றுப் பார்க்கிற கண் அது.

ஆத்தூரில் இறங்கியதும் செல்போன் வரைபடத்தைத் திறக்கவில்லை. டீக்கடையில் கேட்டேன். “கோட்டை சிவன் கோயிலுங்களா? கோட்டைன்னு கேட்டுட்டே போங்க. உள்ள போயி யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க” என்றார் கடைக்காரர். பால்மோராவுக்குக் கிளம்பும்போது எனக்குக் கிடைத்த அதே பதில்! கெட்டி முதலிகள் என்ற குறுநில மன்னர்களின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கோட்டை இது. திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் சேலம் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது இதுவும் போனது. இன்று கோட்டைக்குள் வீடுகளும் தெருக்களும் இருக்கின்றன. வழி சொன்ன ஒவ்வொருவரும் வழியோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்கள்: கோயில் எப்போது நடை சாத்தும், ஆற்றில் எந்த வருஷம் தண்ணீர் கரைபுரண்டு வந்தது என்று.

கோயில் வாசலில் பூ விற்ற அம்மாவிடம் ஆறகளூருக்கு வழி கேட்டேன். “தலைவாசல்ல இறங்கி ஆறகளூர் வண்டி கேளுப்பா. தேய்பிறை அஷ்டமி அன்னிக்குப் போனா வழியே கேக்க வேண்டாம், கூட்டத்தோட போயிடலாம்” என்றார். காமநாதீஸ்வரர் கோயிலில் எட்டு பைரவர்கள் இருக்கிறார்கள்; அஷ்டமி பூஜைக்கு ஜனம் திரளும். ஆறகளூர் எப்படிப்பட்ட ஊர் என்பதும் அந்தப் பதிலுக்குள்ளேயே இருந்தது. வரைபடத்து நீலக்கோடு நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், இதைச் சொல்லாது.

வழி கேட்கிற பழக்கம் போனதன் இழப்பை விளையாட்டு உலகிலும் உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மோரோவிண்டின் வழித்தோன்றலான ‘ஸ்கைரிம்’ 2011இல் வந்தபோது போக வேண்டிய இடத்தை அம்புக்குறியே காட்டிவிட்டது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. குறியை அணைத்தால் வழியே தெரியாது. ஏனென்றால் பாத்திரங்கள் வழி சொல்வதில்லை. ரசிகர்கள் ‘ஈவன் பெட்டர் க்வெஸ்ட் அப்ஜெக்டிவ்ஸ்’ என்றொரு மோட் செய்தார்கள். இந்த ஊருக்குத் தெற்கே, இந்த மலைக்கு அடியில் என்று குறிப்பேட்டில் வார்த்தைகளைச் சேர்ப்பதுதான் அதன் வேலை. அதைப் போட்டு அம்புக்குறியை அணைத்துவிட்டு ஆடினேன். தரையையே பார்த்து ஓடிய நான் நிமிர்ந்து மலைகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

மோரோவிண்டுக்கு இன்னும் பெரிய உழைப்பு நடக்கிறது. விளையாட்டு வருவதற்கு முன்பே, 2001இல், ‘டாம்ரியல் ரீபில்ட்’ என்ற ரசிகர் குழு உருவானது. மூல விளையாட்டில் வராத பெருநிலப் பகுதியைத் தாங்களே கட்டுவது அவர்கள் நோக்கம். மோரோவிண்டின் கணினிப் பதிப்போடு உருவாக்கும் கருவியையும் நிறுவனமே சேர்த்துக் கொடுத்தது பெரிய வாய்ப்பானது. குழுவில் ஒருவர் ஒரு வீட்டின் உட்புறத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். இன்னொருவர் ஒரு மலைச்சரிவை. வேறொருவர் அதைச் சரிபார்ப்பார். 2025இல் நார்சிஸ் என்ற பெருநகரத்தை வெளியிட்டார்கள். சம்பளம் கிடையாது, கால் நூற்றாண்டாக ஊர் எழும்பிக்கொண்டே இருக்கிறது. நான் அதில் நடந்தபோது ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் யாரோ ஒருவருடைய அக்கறை தெரிந்தது.

இதைத்தான் நான் நம் பிள்ளைகளிடம் கேட்கிறேன். வசிஷ்ட நதியின் ஐந்து தலங்களும் ஒரு விளையாட்டுக்கு வேண்டிய பாதையாகத் தயாராக இருக்கின்றன. ஆறகளூர் வாணகோவரையர் என்ற சிற்றரசர்களின் தலைநகராக இருந்த ஊர். பக்கத்துத் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இரண்டு இருக்கின்றன. மரவள்ளிக் காடு, ஜவ்வரிசி ஆலை, அந்தப் பக்கம் கல்வராயன் மலை. விளையாட்டு உருவாக்க உதவும் பிளெண்டர், கோடோ போன்ற கருவிகள் இலவசம். ‘ழி’யின் சுழிக்காக மெனக்கெடும் தம்பிகள் இங்கே இருக்கிறார்கள். ஒருவர் ஒரு மண்டபம், ஒருவர் ஒரு டீக்கடை என்று எடுத்துக்கொண்டால் போதும். ஒரு நிபந்தனை மட்டும் வைப்பேன்: அதில் அம்புக்குறி இருக்கக் கூடாது. ஆத்தூர்ப் பேச்சில் ஆத்தூர்க்காரர்கள் வழி சொல்ல வேண்டும்.

என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். இந்தப் பயணத்தில் எனக்கு வழி சொன்னவர்களின் வார்த்தைகளைச் சொன்னபடியே நோட்டில் எழுதி வருகிறேன். தொடர் முடியும்போது பேளூர் முதல் கூகையூர் வரை முழுவதையும் இங்கே வெளியிடுகிறேன். கட்ட வருகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் தலைவாசல் காய்கறிச் சந்தையில் இறங்கி, ஆறகளூர் வண்டியைக் கேட்போம்.

(தொடரும்)