பாலுக்கு ஏற்ற பங்கு: ஆல்ப்ஸ் மலையில் ஓர் அறுவடைத் திருவிழா

சுவிட்சர்லாந்தில் செப்டம்பர் பாதி கடந்துவிட்டால் மலைமேல் புல் பழுக்க ஆரம்பிக்கும். கோடை முழுக்க உச்சியில் மேய்ந்த மாடுகளை, பனி விழுவதற்குள் ஊருக்கு இறக்கியாக வேண்டும். அந்த இறக்கத்தை ஒட்டி ஊருக்கு ஊர் கொண்டாட்டம் உண்டு. பெர்ன் மாநிலத்தில், டூன் ஏரிக்கு மேலே உள்ள யூஸ்டிஸ்டால் பள்ளத்தாக்கில் நடப்பது மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே திருவிழா என்பதே கணக்குத் தீர்க்கும் நாள்தான்.

வெளியூர்க்காரர்கள் பலர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். ஏரி இருப்பது 558 மீட்டர் உயரத்தில். பகலில் வெயில் இதமாக இருக்கும். விடியற்காலையில் கூடாரத் துணி நனைந்து தொங்கும். கரையிலிருந்து பியாட்டன்பெர்க் ஊருக்கு விஞ்ச் ரயில் ஏறுகிறது, 1889-லிருந்து. அதற்கு மேல் ரோப் கார். கால் பலம் உள்ளவர்கள் நடந்தே போகலாம். 1,900 மீட்டருக்கு மேல் உள்ள நீடர்ஹார்ன் உச்சியை அடைந்தால், மலை முதுகிலேயே நீளமாகப் பாதை போகிறது. ஒரு பக்கம் ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் என்று பனிமலைகள் வரிசை கட்டி நிற்கும். மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் பாறைக்குக் கீழே யூஸ்டிஸ்டால். வளைந்த பெரிய கொம்புள்ள காட்டாடுகளும் கண்ணில் படலாம்.

அழகுதான். ஆனால் நடக்கிறவர்கள் பலர் மறந்துபோகும் விஷயம், அது பூங்கா அல்ல, யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலம் என்பது. படல் திறந்தால் திரும்ப மூட வேண்டும். கன்றுள்ள பசுவை நெருங்கக் கூடாது. நாயோடு போனால் இன்னும் கவனம் தேவை. பக்கத்து நாடான ஆஸ்திரியாவில், 2014-ல் நாயோடு மலையேறிய ஒரு பெண்ணைக் கன்றுகளோடு நின்ற பசுக்கள் முட்டிக் கொன்றன. பெரும் தொகையை இழப்பீடாகத் தர வேண்டும் என்று முதல் நீதிமன்றம் மாட்டுக்காரருக்கு உத்தரவிட்டது. மலை விவசாயிகள் ஆடிப்போனார்கள். கடைசியில், 2020-ல், பழி இரண்டு பக்கமும் பாதிப் பாதி என்று உச்ச நீதிமன்றம் முடித்தது. எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தும் அந்தப் பாதிப் பழி விவசாயியை விடவில்லை.

சரி, மாடுகளை ஏன் இவ்வளவு உயரத்துக்கு ஓட்ட வேண்டும்? குளிர்காலம்தான் காரணம். மாடுகள் மேலே மேயும் அந்த நூறு நாளில், ஊர்ப்புற நிலத்தில் வளரும் புல்லை அறுத்துக் காயவைத்துச் சேர்க்கலாம். அந்தத் தீவனம்தான் கொட்டில் மாட்டைக் காப்பாற்றும். மேலே கறக்கும் பாலையோ தினமும் மலையிலிருந்து இறக்க முடியாது. அதனால் அங்கேயே செம்புக் கொப்பரையில் விறகு மூட்டிக் காய்ச்சி, உறையவைத்து, பாலாடைக்கட்டியாக்குகிறார்கள். பத்து லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. கெடாத பண்டம், சுமக்கவும் லேசு.

சிக்கல் இங்கேதான் வருகிறது. மேலே மேய்வது பல வீட்டு மாடு, கொப்பரை ஒன்று. ஒருவருக்குப் பத்து மாடு, இன்னொருவருக்கு இரண்டே மாடு. கலந்துவிட்ட பாலை எப்படிப் பிரிப்பது? மாட்டுக்கு மாடு பாலை அளந்து கணக்கில் ஏற்றுகிறார்கள். பங்கின் அளவை அந்தக் கணக்கு முடிவு செய்துவிடும். ஆனால் எந்தக் கட்டி யாருக்கு என்பது மிச்சம் இருக்கிறதே! ஜூனில் செய்தது நன்றாக முதிர்ந்திருக்கும், செப்டம்பரில் செய்தது இளசு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஆளாளுக்குப் பொறுக்க விட்டால் அடுத்த ஆண்டு ஒருவர் முகத்தில் இன்னொருவர் விழிக்க மாட்டார்.

ஆகவே குலுக்கல். மரக் களஞ்சியத்திலிருந்து கட்டிகளை வரிசையாக ஆள் மாற்றி ஆள் கையில் வாங்கி வெளியே கொண்டுவந்து, குவியல் குவியலாக அடுக்குகிறார்கள். பிறகு சீட்டு எடுக்கிறார்கள். விழுந்த குவியல் அவருக்கு; முணுமுணுக்க இடமில்லை. இதற்குப் பெயர் ‘கேஸ்டைலெட்’. சீஸ் பங்கீடு என்று பொருள். சுற்றி நின்று பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது என்றாலும், சீட்டு எடுக்கும் மாட்டுக்காரருக்கு அது வேடிக்கை இல்லை. மூன்று மாத உழைப்பு அந்தக் குவியலில்தான் இருக்கிறது.

ஆல்ப்ஸ் மலையின் இந்தக் கோடை மேய்ச்சல் வழக்கத்தை 2023-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பங்கு முடிந்ததும் கட்டிகள் வண்டி ஏறுகின்றன. மாடுகள் நடந்துதான் இறங்குகின்றன. தலையில் பூவும் பசுந்தழையும், கழுத்தில் குடம் போன்ற மணி. அந்தச் சத்தம் மாடு கண்ணில் படும் முன்பே பள்ளத்தாக்கில் கேட்டுவிடும். ஆஸ்திரியப் பகுதிகளில், அந்தக் கோடையில் மந்தையில் ஒரு மாடு விபத்தில் செத்திருந்தால் இந்த அலங்காரம் கிடையாது. பூவில்லாமல் இறங்கும் மந்தையைப் பார்த்தாலே, அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.