வேற்றுக் கிரகத்து நம்பியார்

விஞ்ஞானக் கற்பனைப் படம் என்று ஒரு மரபு நமக்கு அமையவில்லை. அமையாததற்கு வருத்தப்பட வேண்டுமா என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் 1932 ஒலிம்பிக்கில் நீச்சலுக்குத் தங்கம் வாங்கிய பஸ்டர் க்ராப், 1936-லிருந்து 1940-க்குள் மூன்று 'ஃப்ளாஷ் கார்டன்' தொடர்படங்களில் கிரகம் கிரகமாகச் சண்டையிட்டார். நடிப்பு என்று அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. உடம்பு இருந்தது, போதுமாயிருந்தது.

நம் பக்கத்தில் இந்த வரிசையில் வைக்க ஒருவர் உண்டென்றால் அவர் எம். என். நம்பியார்தான். 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து எடுத்த 'காடு' படத்தில், மயிர்ப் போர்வை போர்த்திய யானைகள் ஆதிகால மாமூத்துகளாக வந்தன. ராட் கேமரன், சீசர் ரொமேரோ கூட்டத்தில் நம்பியாரும் இருந்தார். அடுத்தது 1963-இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த படம். அதில் நம்பியார் வேற்றுக் கிரகவாசி.

புதுச்சேரியில் அந்தப் படத்தை நான் பார்த்தது பல வருஷம் கழித்து, பழைய பிரதியில். மழைக் கோடுகள் விழுந்த பிரதி. கூட வந்த நண்பர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். எதற்கும் மெலியேஸை இழுப்பார். மெலியேஸ் 1902-லேயே நிலவுக்கு ராக்கெட் விட்டுவிட்டார் என்பது அவருடைய நிரந்தரப் புகார். அந்த தேசத்தார் 1954 வரை ஆண்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் மெலியேஸின் நிலவில் இல்லாத ஒன்று இந்தப் படத்தில் இருக்கிறது. விஞ்ஞானம் முற்றிப்போன ஒரு கிரகம். அங்கே கலை இல்லை. ஆகவே பூமிக்கு வந்து ஒரு பாடகியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். பொன் கேட்கவில்லை, ராஜ்யம் கேட்கவில்லை. சங்கீதம் கேட்கிறார்கள். இந்தக் கருவை வைத்துக்கொண்டு ஒரு கவிஞன் என்னவெல்லாம் செய்திருக்கலாம்! படம் அதைத் தூக்கிக் கதாநாயகனின் சண்டைக்கும் ஆள்மாறாட்டத்துக்கும் கொடுத்துவிட்டது.

கதையின் ஆதாரமான பசியைச் சுமப்பவன் வில்லன். கதாநாயகனுக்குக் காதலி வேண்டும், அவ்வளவுதான். நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்து பழகியவர். அங்கே கண்ணும் குரலும் கடைசி வரிசைவரை போக வேண்டும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, பாட்டு என்றால் என்னவென்று தெரியாமல் அதற்காக ஏங்குகிற ஒருவனை அவர் செய்திருக்க முடியும். 1950-இல் 'திகம்பர சாமியா'ரில் வேஷத்துக்கு வேஷம் மாறிக் காட்டியவர்தானே. யாரும் கேட்கவில்லை; எழுதியும் தரவில்லை. முறைக்கச் சொன்னார்கள், முறைத்தார்.

அவர் 2008 நவம்பரில் இறந்தபோது திரையில் கொடியவர், வாழ்வில் ஐயப்ப பக்தர் என்ற ஒரே எதிர்நிலையைத்தான் ஆளாளுக்குச் சொன்னார்கள். குருசாமியாக அவர் சபரிமலை ஏறியது உண்மைதான். ஆனால் ஒரு நடிகனைப் பற்றி அவனுடைய விரதத்தைச் சொல்லி முடித்துக்கொள்வது விமர்சனத்துக்குச் சௌகரியம்.

படம் விட்டு வெளியே வந்தபோது நண்பர் மெலியேஸை மறந்திருந்தார். அந்தக் கிரகத்தில் தாலாட்டாவது இருந்திருக்காதா என்று கேட்டார்.