காட்டுத் தீக்கு ஒரு காவல் வீடு

யார் முன்னால் போவது என்பதில்தான் முதல் விவாதம். குழுவை அழைத்து வந்த பெண் தீர்ப்புச் சொன்னார்: "மெதுவாக நடப்பவர் முதலில். மற்றவர்கள் அவர் பின்னால்." எங்கள் ஒன்பது பேரில் மெதுவாக நடப்பவர் போடிநாயக்கனூர்க்காரர். மகளைப் பார்க்க அமெரிக்கா வந்திருந்த 64 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் எல்லோருக்கும் மாமா.

இடம், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ரெய்னியர் மலை தேசியப் பூங்கா. சியாட்டிலிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். 6,400 அடி உயரத்தில் உள்ள சன்ரைஸ் வரை சாலை போகிறது. பனி காரணமாகக் கோடையில் சில மாதங்கள் மட்டுமே அது திறந்திருக்கும். அங்கிருந்து ஃப்ரெமான்ட் மலைக் காவல் வீட்டுக்குப் போய்த் திரும்ப 9 கி.மீ. காவல் வீடு இருப்பது 7,181 அடியில். கடினமான பாதை அல்ல. ஆனால் அந்த உயரத்தில் மூச்சு வாங்கும்.

முதல் ஒரு மணி நேரம் பூக்கள் நிறைந்த புல்வெளிகளை ஒட்டிய முகட்டில் நடந்தோம். இடது பக்கம் 14,410 அடி உயர ரெய்னியர் எரிமலை, தலை முதல் இடுப்பு வரை பனி போர்த்தி நின்றது. 'உறைந்த ஏரி' என்று பெயர் பெற்ற குளத்தருகே பாதைகள் பிரிகின்றன. சன்ரைஸுக்குக் குடிநீர் இங்கிருந்துதான் என்பதால் சுற்றிலும் வேலி. அதற்கு மேல் மரமில்லை. சரளைக் கல் சரிவில், ஒரு பக்கம் பள்ளமாக, கடைசி 2 கி.மீ.

பாதி வழியில் மாமா நின்றார். களைப்பு என்று நினைத்தோம். அவர் கிழக்கே கைகாட்டினார். தொலைவில், மலைத் தொடருக்கு அப்பால் மெல்லிய புகை. "தெரியும். காலையிலேயே பூங்கா அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன். பல மைல் தள்ளி எரிகிறது. நம் பக்கம் ஆபத்தில்லை" என்றார் தலைவி. மாமா மீண்டும் நடக்கத் தொடங்கினார்.

காவல் வீடு 1934இல் கட்டப்பட்டது. மரத்தாலான இரண்டடுக்கு வீடு. மேலடுக்கில் நாலு பக்கமும் ஜன்னல், சுற்றி நடக்கத் தாழ்வாரம். பூங்காவில் எஞ்சியுள்ள நான்கு காவல் வீடுகளில் இதுவும் ஒன்று. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மான்டானா பகுதிகளில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். புகையைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தாக வேண்டும் என்ற அவசரம் அதன்பின் வலுத்தது. மலையுச்சிகளில் இத்தகைய வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன.

கோடை முழுக்க ஓர் ஆள் அதில் தங்குவார். அறை நடுவே வட்ட வரைபடத்தின் மீது சுழலும் குறிபார்க்கும் கருவி. புகை தெரிந்தால் திசையைக் கணக்கிட்டுச் சொல்வார். இன்னொரு மலையிலிருப்பவரும் தன் திசையைச் சொல்ல, இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் தீ. மின்னல் வெட்டும்போது நிற்பதற்குக் கண்ணாடிக் கால் வைத்த முக்காலிகூட இருந்தது. பிறகு விமானங்களும் செயற்கைக் கோள்களும் கேமராக்களும் வந்தன. பெரும்பாலான வீடுகள் காலியாகிவிட்டன.

"பார்த்தவன் யாரிடம் சொல்வான்?" என்று கேட்டார் மாமா. முதலில் மலையடிவாரம் வரை இழுத்த தொலைபேசிக் கம்பி, பிறகு ரேடியோ என்று விளக்கினார் தலைவி.

மாமா சிறிது நேரம் பேசவில்லை. "கோடையில் எங்கள் ஊர் மொட்டை மாடியில் நின்றால் மலை எரிவது மாலை போட்ட மாதிரி தெரியும். ஊரே பார்க்கும். பார்ப்பது பெரிய விஷயம் இல்லை, அம்மா" என்றார். போடிக்கு அருகில் உள்ள குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று, மலையேறிவிட்டு இறங்கிக் கொண்டிருந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் எங்கள் குழுவைப் போலவே விடுமுறைக்கு நடக்கப் போனவர்கள்.

இரண்டு மணிக்குத் திரும்பினோம். இன்னும் கொஞ்சம் இருக்கலாமே என்று இளைஞர்கள் கெஞ்சியும் தலைவி கேட்கவில்லை. இறங்கும்போதும் மாமாதான் முன்னால். சன்ரைஸ் வந்ததும் அவர் காருக்குப் போகவில்லை. நேராகப் பூங்கா அலுவலகத்துக்குப் போய், கிழக்கே பார்த்த புகையைப் பற்றிச் சொன்னார். அங்கிருந்த ஊழியர், ஏற்கெனவே தெரிந்த தீதான் என்று சொல்லவில்லை. சுவரிலிருந்த வரைபடத்தின் முன் அவரை நிறுத்தி, எங்கிருந்து, எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.